புழு மரத்துக்குப் பத்தடி தள்ளி

சாய்பாசா, பீகார்
24-9-1958

அம்மாவுக்குச் சம்பத்து ஸ்ரீரங்கத்துத் திசை நோக்கித் தண்டன் சமர்ப்பித்து எழுதுவது. நான் க்ஷேமம். உன் முழங்கால் வலி தேவலையா? சன்னிதிக்கு நடந்து போக முடிகிறதா?

நேற்று ஒரு வேடிக்கை, கவலைப்படாதே. காட்டு மரங்களில் பட்டுப்புழு வளர்க்கும் ஹோ என்ற ஆதிவாசி ஜனங்களுக்குப் பயிற்சி கொடுக்கத்தானே சர்க்கார் என்னை இங்கே அனுப்பியிருக்கிறது. ஸ்நானம் செய்து, தலைக்கு எண்ணெய் தடவி, திருமண் இட்டு, நீ அனுப்பிய புளிக்காய்ச்சலில் சாதம் பிசைந்து சாப்பிட்டுவிட்டுப் போனேன். புழுவுக்குக் காவல் இருக்கும் சோமா என்பவர் பத்தடி தூரத்திலேயே என்னை நிறுத்தி இந்தியில் சொன்னார்.

"அங்கேயே நில்லுங்க. மஞ்சள் வாசனை வருது, தலையில எண்ணெய் வேற. கிட்ட வந்தா புழு செத்துப்போகும்."

கூடு கட்டி முடியும்வரை அவர்கள் மஞ்சளோ எண்ணெயோ மாமிசமோ தொடுவதில்லையாம். என்னையா தள்ளி நிற்கச் சொல்கிறார்கள் என்று அப்படியே நின்றேன்.

நம் வாசலுக்கு வரும் கீரைக்கார வள்ளிக்கண்ணுவை எத்தனை வருஷமாகத் தள்ளி நிற்கச் சொல்கிறோம். அவள் முகத்தை நினைத்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை.

புளிக்காய்ச்சலை இனி மஞ்சள் போடாமல் கிளறி அனுப்பு. இங்கே தமிழ் பேச ஆளில்லை. பழைய பத்திரிகை இருந்தால் அதில் சுற்றி அனுப்பு. தபால்காரர் காத்திருக்கிறார். வள்ளிக்கண்ணுவை நான் விசாரித்ததாகச் சொல்.

கிட்டே போய்ச் சொல்.

சம்பத்து