‘பஞ்சுத்தூசி’யின் கடைசிப் பதினோரு நிமிடம்

மார்ச் 4, புதன்

‘பஞ்சுத்தூசி’, பத்தாவது முறை.

நான்கு நாள் ஓடிய படம். ஐந்தாம் நாள் அதன் போஸ்டர்மேல் வேறு போஸ்டர். இன்று அதைக் ‘கல்ட்’ என்று தூக்கிவைத்து ஆடுகிறவர்கள் அந்த நான்கு நாள் எங்கே போயிருந்தார்கள்? நான் அப்போது பிறக்கவில்லை, சரி. ஆனால் நான் ஆடவில்லை. நம்புகிறேன். அது வேறு.

இருப்பது ஒரே பிரதி. டிவியில் போட்டபோது யாரோ கேசட்டில் பதிந்து, பின்னால் இணையத்தில் ஏற்றியது. படம் முழுக்கக் கோடு. கடைசிக் காட்சியில் நூற்பாலைப் பெண் சிவப்புப் பொத்தானை அழுத்துகிறாள். எந்திரம் நிற்கிறது. முதலாளி படியிறங்கி வருகிறான். அவள் திரும்பிப் பார்க்கிறாள். திரை கறுப்பு. பேர்கூட ஓடாது! எவனுக்கு வரும் இந்தத் துணிச்சல்? இந்த ஒரு வெட்டைப் பற்றியே எங்கள் இணையக் குழுவில் ஒன்பது பக்கம் எழுதியிருக்கிறேன்.

வேலை போனதிலிருந்து அண்ணனுக்கு வாய் மட்டும்தான் வேலை செய்கிறது. “ஓடாத படம், ஓடாத கடிகாரம், ஓடாத ஃபேன். எல்லாம் இந்த வீட்டுல உன் பக்கம்தான்.”

மார்ச் 6, வெள்ளி

குட்டையக்கா வேலைக்குத் திரும்பினாள். இடது கையில் இரண்டு விரல் இல்லை.

ஆஸ்பத்திரி விரிப்புகளைத் துவைத்து, சூடான ரோலருக்குள் விட்டுத் தேய்த்து அனுப்பும் சலவைக்கூடம் எங்களுடையது. ரோலர் வாயில் ஒரு கம்பி உண்டு. விரல் பட்டால் ரோலர் நின்றுவிடும். விரிப்பு சுருண்டு பட்டாலும் நிற்கும். வேலை கெடுகிறது என்று சூப்பர்வைசர் அந்தக் கம்பியை மேலே தூக்கிக் கட்டிவிட்டான். ஜனவரியில் அக்காவின் கை உள்ளே போனது.

இன்று அவளிடமே சொல்கிறான்: “கவனமா இருந்தா கம்பி எதுக்கும்மா?”

அவள் தலையாட்டினாள். தலையாட்டினாள்!

மார்ச் 8, ஞாயிறு

யாரும் பார்க்காத ஒரு பேய்ப்படம் பார்த்தேன். அந்த வீட்டில் பேய் இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் காலி செய்யமாட்டார்கள், வேறு வீடு கிடைக்காது. கடைசியில் பேய்தான் சலித்துப் போய்விடுகிறது. விமர்சகர்கள் ‘பயமே இல்லை’ என்று எழுதினார்களாம். வீடு தேடி அலைந்தவன் எழுதியிருக்கமாட்டான்.

மார்ச் 15, ஞாயிறு

ரோலர் பகுதி ஆட்கள் ஆறு பேரையும் வீட்டுக்குக் கூப்பிட்டுப் ‘பஞ்சுத்தூசி’ போட்டேன். என் லேப்டாப்பைச் சுற்றி ஏழு தலை.

வாய் ஓயாததால் ரேடியோ என்று பெயர் எடுத்தவள் முதல் அரைமணி விடவில்லை. “என்னடி இது, ஒரு பாட்டுகூட இல்ல?” “கதாநாயகி தலையே சீவமாட்டாளா?” “வேலை முடிஞ்சு வந்து வேலை செய்றதையே பாக்கணுமா? சம்பளம் உண்டா?”

பொத்தான் காட்சியில் அவளும் அடங்கினாள்.

திரை கறுத்ததும் குட்டையக்கா கேட்டாள். “அப்புறம் என்ன ஆச்சு?”

“அவ்வளவுதான்க்கா. அப்புறம் நாமதான்.”

என்ன திமிரோடு சொன்னேன்.

முடிவாகிவிட்டது. இருபத்துமூன்றாம் தேதி, பத்தரைக்கு ஆஸ்பத்திரி வண்டி விரிப்பு எடுக்க வருமுன் ரோலரை நிறுத்துவது. கம்பியை இறக்கினால்தான் ஓட்டுவோம். வேறெதுவும் கேட்கப்போவதில்லை.

மார்ச் 19, வியாழன்

சாப்பாட்டு இடைவேளையில் போன். ‘பஞ்சுத்தூசி’யின் உதவி எடிட்டராம். இப்போது ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பேரன் என் கட்டுரையைப் படித்துக் காட்டினானாம். சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு.

“அது முடிவில்லம்மா! இன்னும் பதினோரு நிமிஷம் இருக்கு. ரெக்கார்ட் பண்ணவனுக்கு டேப் தீந்திருக்கும்.”

டேப் தீர்ந்திருக்கும்.

அப்புறம் என்ன ஆகும் என்று கேட்டேன். குட்டையக்கா மாதிரியே.

“முதலாளி அவகிட்ட பேசுவாரு. அழுவா. மன்னிப்பு கேப்பா. அவ கையாலயே மறுபடி ஓட்டுவா. எல்லாரும் கைதட்டுவாங்க. தயாரிப்பாளரே சொந்தமா ஆலை வெச்சிருந்தாரும்மா, வேற எப்படி எடுக்குறது?”

ஒன்பது பக்கம். பேர் ஓடாத துணிச்சல்! இயக்குநருக்கு இல்லாத அரசியல் அந்தக் கேசட்டுக்கு இருந்திருக்கிறது.

மார்ச் 20, வெள்ளி

ரேடியோ டீ நேரத்தில் அந்தப் பெண் திரும்பிப் பார்ப்பதை நடித்துக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன். டீயைக் குடித்தேன்.

மார்ச் 22, ஞாயிறு

சொல்லவில்லை. சொன்னால் நாளை யாரும் நிற்கமாட்டார்கள். சொல்லாமல் நிற்கவைப்பதற்குப் பேர் என்ன? சூப்பர்வைசர் செய்கிற வேலையேதான்.

மார்ச் 23, திங்கள்

பத்து இருபதுக்குச் சிவப்புப் பொத்தானை நான்தான் அழுத்தினேன். சத்தம் நின்றதும் காது வலித்தது. ஏழு பேரும் கை கட்டி நின்றோம்.

சூப்பர்வைசர் கத்தவில்லை. கத்துவான் என்று நினைத்தே தயாராகியிருந்தோம். மெதுவாக வந்தான். கம்பியைப் பற்றிச் சொன்னேன். காதிலேயே வாங்கவில்லை. ரேடியோவைப் பார்த்தான்.

“உன் தம்பிக்கு டிரைவர் வேலை கேட்டியே, அவன் பேரென்ன?”

சொன்னாள். ஒரே வார்த்தை. நான் அவளிடம் கேட்டதிலேயே சின்னப் பேச்சு அதுதான். சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய் நின்றாள். பிறகு இன்னொருவரின் பிரசவ விடுப்பைப் பற்றி விசாரித்தான். இன்னொருவரின் மாமனார் உடம்பைப் பற்றி. நல்ல மனுஷன் மாதிரி, ஒவ்வொருவராக. நானும் குட்டையக்காவும்தான் மிச்சம்.

அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கையை மட்டும் பார்த்தான். அந்தக் கைக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

அவள் என் பக்கம் திரும்பினாள். “அப்புறம் என்னன்னு அன்னிக்கே கேட்டேன்ல?”

பச்சைப் பொத்தானை அவள்தான் அழுத்தினாள்.

பத்து முப்பது. படத்திலாவது பதினோரு நிமிடம் தாங்கியது.

மார்ச் 24, செவ்வாய்

மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னான். “உனக்கு எழுத வரும்னு சொன்னாங்களே?” எழுதினேன். நிதானமாக இரண்டு முறை படித்தான். குழுவில்கூட என்னை இவ்வளவு கவனமாக யாரும் படித்ததில்லை. வேலையிலிருந்து எடுக்கவில்லை. ரோலருக்கு ஆள் கிடைக்கவில்லையாம். எனக்கும் வேறு இடம் கிடைக்கவில்லை.

அண்ணன் ஒரு கிண்டலும் செய்யவில்லை. அது இன்னும் மோசம்.

மார்ச் 27, வெள்ளி

குழுவில் எடிட்டர் சொல்லிவிட்டார். ஒரே கொண்டாட்டம். மூலப் படச்சுருளைத் தேடக் கமிட்டி போடுகிறார்களாம். என் கட்டுரையை எடுத்துவிட்டேன். தேடட்டும்.

ஏப்ரல் 2, வியாழன்

இன்று முதல் ரோலர் வாயில் நான். கம்பி கட்டியபடியே இருக்கிறது. நான் உள்ளே விட, மறுபக்கம் குட்டையக்கா இழுத்து மடிக்கிறாள். பேச்சு இல்லை. விரிப்பு சுருளும்போது மட்டும், “கை” என்பாள். எடுத்துக்கொள்வேன்.

அறுநூற்று நாற்பது விரிப்பு. எனக்குப் பத்து விரல், அவளுக்கு எட்டு. இன்று எதுவும் குறையவில்லை.