குறட்டை அறையில் எனக்கும் ஒரு கட்டில்

மஸ்கட்

அன்புள்ள ஷைலாவுக்கு,

நீயும் அம்மாவும் நலம்தானே? நானும் நலமே. போனில் சொன்னால் அறை முழுக்கக் காது கொடுக்கும், அதனால் எழுதுகிறேன். பயப்படாதே.

இங்கே முகாமில் குறட்டை விடுகிறவர்களுக்குத் தனி அறை. நான் சத்தமில்லாமல் தூங்குகிறவன் என்று அமைதியான அறையைக் கொடுத்திருந்தார்கள். என்னோடு வேலை செய்யும் பௌலோஸின் குறட்டைக்குப் பயந்த மேஸ்திரி அவனைத் தூக்கப் பரிசோதனைக்கு அனுப்பினார். துணைக்குப் போன நான், காலையில் எழுந்தால் தலைவலி, இரவில் அடிக்கடி சிறுநீர் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். டாக்டர் என்னையும் படுக்கவைத்தார்.

பௌலோஸுக்கு ஒன்றுமில்லை. குறட்டையே விடாத, ஒல்லியான எனக்குத்தான் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதாம்.

"சேட்டா, சத்தம் போட்டவன் நான், மாட்டினது நீங்களா!" என்று சிரிக்கிறான்.

"வாயை மூடிக்கிட்டுத் தூங்குடா."

"அது மட்டும் நம்மால முடியாது சேட்டா."

தூக்க நோய்க்காரன் என்று என்னையும் குறட்டை அறைக்கு மாற்றிவிட்டார்கள். மூச்சு நிற்காமல் காற்றுத் தள்ளும் முகமூடி போட்டு ஒரு மாதம் ஒழுங்காகத் தூங்கினால்தான் மறுபடி கிரேனில் ஏறலாம். அதுவரை என் கிரேனில் பௌலோஸ். அவன் படுத்ததும் தூங்கிவிடுகிறான். நான் அவன் குறட்டையைக் கேட்டபடி வயிறெரிந்து கிடக்கிறேன்.

ஊரில் இருந்தபோது நடு இரவில் என்னை உலுக்கி எழுப்புவாயே, எதற்கென்று எழுது. டாக்டர் கேட்கிறார். முகமூடிப் பட்டை கன்னத்தை அறுக்கிறது. நீ உடுத்திப் பழசான முண்டில் ஒரு துண்டு கிழித்து அனுப்பு.

பௌலோஸின் மனைவி லிஸி விசாரித்தால், அவனுக்கு ஒன்றுமில்லை என்று உடனே சொல்லிவிடாதே. ஒரு வாரமாவது அவளும் கவலைப்படட்டும்.

வேன் ஹாரன் அடிக்கிறது.

உன்
சுகுணன்