முறுக்குக்கு அடியில்

ஜூலை 12, 2006, புதன்

நல்ல வெயில். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. மகள் செல்வியைப் புதுச்சேரியில் கட்டிக்கொடுத்து ஆறு மாதம். இப்போதுதான் முதல் தடவை போகிறேன்.

கொண்டுபோவது: முறுக்கு 2 டப்பா, பால்கோவா 1 கிலோ, மல்லிகை (வாடிவிட்டது). முறுக்குக்கு அடியில் எங்கள் கம்பெனி வெடி ஒரு பெட்டி. வெள்ளிக்கிழமை அங்கே பிரெஞ்சுப் புரட்சி விழாவாம். "சிவகாசி சம்பந்தி வெடி இல்லாம வரலாமா?" என்று மாப்பிள்ளையின் அப்பா போனில் கேட்டார். அவர் விளையாட்டாகத்தான் கேட்டார்.

மதுரை தாண்டியதும் முன் சீட்டு ஆள் பீடி பற்றவைத்தார். பை என் காலடியில். கம்பெனியில் என்றால் பாய்ந்து பிடுங்கியிருப்பேன். போர்மேன் என்றால் சும்மாவா! இங்கே வாயைத் திறந்தால் பையில் என்ன என்று கேட்பார்களே. திருச்சி வரை மூன்று பீடி. எனக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண். நான் தூங்குகிற மாதிரி இருந்தேன்.

13, வியாழன்

கடல்காற்று. சம்பந்தி பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் சுற்றிக் காட்டினார். நூல் பிடித்த மாதிரி தெருக்கள், மஞ்சள் சுவர்கள், சிவப்புத் தொப்பிப் போலீஸ். தெருப்பலகையில் இரண்டு மொழி. பிரெஞ்சுப் பெயர்கள், தமிழில் எழுதியிருந்தும் எழுத்துக் கூட்டித்தான் படித்தேன்.

ஒரு தெருவில் நின்றார். "இங்கிலீஷ்காரன் தேடுன நம்ம ஆளுங்க இங்கதான் ஒளிஞ்சிருந்தாங்க சம்பந்தி. துப்பாக்கியெல்லாம் மறைச்சுக் கடத்துனாங்க."

எனக்கு வேர்த்துவிட்டது. அவர்கள் நாட்டுக்காக. நான் சம்பந்தியிடம் பெருமையடிக்க.

"என்னங்க, வெயில் ஒத்துக்கலையா?"

"உங்க ஊரு சோடா ஒத்துக்கல."

வீட்டுக்கு வந்தால் செல்வி பையைப் பிரித்திருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை.

"பஸ்ஸுலயா கொண்டாந்தீக?"

"ஒரு பெட்டிதான தாயி."

"கம்பெனியில மடியில ஒரு தீப்பெட்டி இருந்ததுக்கு மாரியப்ப மாமாவ ஒரு வாரம் வேலைக்கு வராதன்னீக. அதுவும் ஒண்ணுதான?"

செல்வி வாளித் தண்ணீரில் பெட்டியை முக்கினாள். கல்யாணத்துக்கு முன் எங்கள் கம்பெனியில் திரி சொருகியவள். முழுசாக நனையும்வரை கையை எடுக்கவில்லை.

14, வெள்ளி

மேகமூட்டம். காலையில் அணிவகுப்பு. சம்பந்தி மார் நிறையப் பதக்கம். நல்ல நடை.

மதியம் சாப்பாட்டில் சம்பந்தியம்மா: "சிவகாசிலேர்ந்து வர்றவர் ஒரு மத்தாப்புகூடக் கொண்டாரலையே!"

"அப்பா மறந்துட்டாக அத்தை," என்றாள் செல்வி, சட்டென்று. எனக்காகப் பொய்.

பொறுக்கவில்லை. சொல்லிவிட்டேன். ஆனால் என் வாய் சனியன், எதையும் வேடிக்கையாக்கித்தான் விடும். பீடிக்காரர் புகை விட்டதையும் நான் கண்ணை மூடிக்கொண்டதையும் நடித்தே காட்டினேன். சம்பந்திக்குப் புரையேறியது. மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டார். செல்வி மட்டும் சிரிக்கவில்லை. பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியோடு நின்றாள்.

சிரிப்பு ஓய்ந்ததும் மறுபடி சொன்னேன். வேடிக்கை இல்லாமல். பஸ் நிறைய ஆட்கள். என்ன ஆகும் என்று தெரிந்தேதான் கொண்டுவந்தேன்.

செல்வி எனக்கு ரசம் ஊற்றினாள். முகத்தைப் பார்க்கவில்லை.