கேட்காமல் இறக்கிய மரச்சீனி மூட்டை

இன்று காலை பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் மரச்சீனியின், அதாவது மரவள்ளிக் கிழங்கின், ஈரமண் வாடை வந்ததும் உன்னைத்தான் நினைத்தேன், ஏட்டி. கூடவே பயமும் வந்தது.

நம் ஊரில் விளைவதை வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டில் சேர்க்கலாம் என்று தலைமை ஆசிரியையிடம் மல்லுக்கட்டி அனுமதி வாங்கியவள் நீ. உன் ஸ்கூட்டியின் பின்னால் ஏத்தன் வாழைக்காய்க் குலையைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்து வந்தவள் நான். அவ்வளவுதான் என் வீரம். இனாமாகத் தருகிறவரிடமே எந்தத் தோட்டம், என்ன இனம், மருந்து அடித்து எத்தனை நாள் என்று துளைத்தெடுப்பாய். எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்னும். "சும்மா தாறவங்ககிட்ட இப்பிடியா போலீசுக்காரி மாதிரி கேப்ப?" என்பேன். "பிள்ளையளு திங்கப்போற சாதனம். வெக்கமா இருந்தா நீ வெளிய நில்லு மக்கா" என்பாய்.

நீ கண்ணை மூடி ஆறு மாதமாகிறது. வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். போன வெள்ளிக்கிழமை, நமக்குப் பழக்கமில்லாத ஒரு அண்ணன் மரச்சீனி மூட்டையைக் கொண்டுவந்து இறக்கினார். நான் சிரித்து, "சரி அண்ணே" என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை. வெந்ததும் சமையலக்கா ஒரு துண்டை வாயில் போட்டு, "கசக்கே" என்று துப்பினாள். கசப்பு இனமென்றால் அதிலுள்ள விஷம் போகத் தண்ணீரை மாற்றி மாற்றி வேகவைக்க வேண்டும்; நாங்கள் ஒரே தண்ணீரில் மூடி போட்டு அவித்திருந்தோம். அண்ணன் போனை எடுக்கவில்லை. மணியும் அடித்துவிட்டது. தட்டோடு வரிசையில் என் மகள், அவளுக்கு முன்னால் உன் மகள். அண்டாவோடு தூக்கிக் குழியில் கொட்டினேன். "இன்னொரு தடவ இப்பிடி ஆச்சுன்னா நிறுத்திருவோம்" என்றார் தலைமை ஆசிரியை. அவரைக் குறை சொல்ல முடியுமா?

இன்று அதே அண்ணன் மறுபடி வந்தார். கொட்டிய சேதி எட்டியிருந்தது, முகம் கடுகடுத்தது. இவர் கோபித்துக்கொண்டு போனால் மற்றவர்களும் தரமாட்டார்களே என்று தோன்றியது. ஆனாலும் மூட்டையில் கை வைத்து, "இறக்காதீங்க அண்ணே. இது என்ன இனம்? மருந்து எப்ப அடிச்சீங்க?" என்றேன்.

ஏற இறங்கப் பார்த்தார். "போன வாரமே கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்லா? அது கசக்குற கிழங்கு. தண்ணி மாத்துவீங்கன்னு நெனச்சேன். இது கசக்காது. மருந்தே அடிக்கல. நேத்து எங்க வீட்ல இதத்தான் தின்னோம்."

அப்படியும் இரண்டு தண்ணீர் மாற்றித்தான் வேகவைத்தேன். முதலில் நான் ஒரு தட்டு தின்றேன்.

உன் மகள் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அவள் கை கழுவும்வரை பக்கத்திலேயே நின்றேன். வகுப்புக்குப் போன பிறகும் மனசு கேட்கவில்லை. ஜன்னல் வழியாக இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.