இரண்டு பழனியம்மாள்

ஜூலை 8, செவ்வாய்

விடாத சாரல். எந்தக் கிருமி எந்த மருந்துக்கு அடங்கவில்லை என்ற வார ரிப்போர்ட், இன்று மாலைக்குள் சென்னைக்கு. அங்கிருந்து டெல்லி, அப்புறம் உலகம். உலகத்துக்கே எங்கள் லேப் கணக்கு வேண்டும். ரத்த மாதிரியோடு வரும் சீட்டு நனையாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் உறை தர ஆளில்லை. பாதிச் சீட்டில் நோயாளி எண் அழிந்திருக்கிறது. கம்ப்யூட்டர் ஒன்று. பதிய ஆள் நான் ஒருத்தி.

ஒரு நோயாளிக்கு ஒரு மாதிரிதான் கணக்கு. க. பழனியம்மாள், 60, பெண்கள் வார்டு. இரண்டு முறை வந்திருந்தது. ஒரே ஆளா என்று கேட்டது கம்ப்யூட்டர். ஆம். இரண்டாவதை நீக்கினேன்.

மதியம் சாப்பிடவில்லை. குடை பஸ்ஸில் போச்சு.

ஜூலை 9, புதன்

ஜன்னலில் ஒருவர். கிணத்துக்கடவு, தென்னந்தோப்பில் கூலி. மனைவி பழனியம்மாள்.

"ரிப்போர்ட்டு வந்துருச்சுங்களா அம்மணி? அதப் பாத்துத்தான் ஊசி மாத்தோணும்ங்கறாங்க. காச்ச எறங்கவே மாட்டேங்குதுங்க."

பார்த்தேன். திங்களன்றே வார்டுக்குப் போயிருந்தது. சொல்லி அனுப்பினேன். திரும்பி வந்தார், அங்கே இல்லையாம். நன்றாகத் தேடச் சொல்லுங்கள் என்றேன். வார்டில் தொலைத்துவிட்டு என் தலையில் கட்டுகிறார்கள் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் கத்தினேன்.

ஜூலை 10, வியாழன்

மறுபடியும் அவர். நான் நிமிரக்கூட இல்லை.

ஜூலை 11, வெள்ளி

டெக்னீசியன் கலா அக்கா வந்து, கிணத்துக்கடவு பழனியம்மா ரிசல்ட்டை ஏன் இன்னும் அனுப்பவில்லை என்று கேட்டார். திங்களன்று போனது உடுமலைப்பேட்டை பழனியம்மாவுடையதாம். அந்த அம்மாள் குணமாகி ஊருக்கே போய்விட்டார்.

நீக்கியதைத் திரும்ப எடுத்தேன். பன்னிரண்டு மருந்து. பதினொன்று கேட்காது. ஒன்று கேட்கும். கேட்கும்.

பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஓடினேன். கட்டிலில் ரப்பர் ஷீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். காலை ஆறரைக்காம்.

லேப் டாக்டர் மேடத்திடம் சொன்னேன். எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு, "அந்த மருந்து இங்க ஸ்டாக்கே இல்லம்மா. எங்கயும் எழுதி வைக்காதே" என்றார்.

ஸ்டாக் இல்லை. அது எனக்கு ஆறுதலாம்.

ஜூலை 14, திங்கள்

வெயில். அவர் வந்தார், தலை மொட்டை. இறப்புச் சான்றிதழில் வயது தப்பாக இருக்கிறதாம், ஆஸ்பத்திரிக் கணக்கில் திருத்த வேண்டும். ஒவ்வொரு ஜன்னலாக அனுப்பி, கடைசியில் இங்கே.

"அம்பத்தி நாலுதானுங்க அவளுக்கு. சீட்டு எழுதறப்ப கேட்டாங்க, அறுவதுன்னு ஒரு மதிப்பாச் சொல்லிப்போட்டனுங்க." துண்டால் தலையைத் துடைத்தார். "அதுல ஏதாச்சும் கோளாறு ஆயிருச்சுங்களா அம்மணி?"

இல்லீங்க என்றேன்.

போன பிறகு அறுபதை அழித்து ஐம்பத்து நாலு என்று அடித்தேன். கம்ப்யூட்டர் எதுவும் கேட்கவில்லை.