போகாத ஊருக்கு ஏன் கேட்க வேண்டும்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை மறக்காமல் போடுகிறாரா? நான் நலம். போனில் சொன்னால் என் குரலை வைத்து எதையாவது கண்டுபிடிப்பாய். அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் செய்யும் புடவைக் கடை ஆப் மெதுவாக ஓடியது. "உங்க கரூர் டவுன் பஸ்ஸ இதுக்குள்ள விட்டுட்டியா தாரணி?" என்றார் சீனியர் ஸ்ரீகர். அதையே கன்னடத்திலும் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தார். என் வேலையை நிரந்தரமாக்குவதா என்று முடிவெடுக்கும் மாதம் இது.

தாமதம் அவர் எழுதிய பகுதியில்தான். ஒவ்வொரு ஆர்டருக்கும் முதலில் கோடவுன் கணினியிடம் சரக்கு உண்டா என்று கேட்டுக் காத்திருக்கும். பிறகுதான் ஆர்டர் செய்தவரின் ஊருக்கு நாங்கள் அனுப்புகிறோமா என்று பார்க்கும். பாதி ஊர்களுக்கு அனுப்புவதே இல்லை. இந்த இரண்டு கேள்விகளையும் முன்பின்னாக மாற்றினால் போதும்.

அவரிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மீட்டிங்கில், "சார், இந்தப் பகுதியை விளக்குங்களேன்" என்றேன். அவர் விளக்கி முடித்ததும் மேனேஜர் கன்னடத்தில் கேட்டார்: "நாம போகாத ஊருக்கு எதுக்கப்பா கோடவுனைத் தொறக்கறே?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்காமல் ஸ்ரீகரின் காது சிவப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் இனிக்கிறது.

வேலை நிரந்தரமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சீக்கிரம் போனை வைத்துவிடாதே. இங்கே என்னோடு தமிழ் பேசியவர் ஸ்ரீகர் ஒருவர்தான். பருப்புப்பொடி தீர்ந்துவிட்டது. போன முறை பாதியை அவரே சாப்பிட்டார். இந்த முறை பாதி அனுப்பினால் போதும்.

ஆபீஸ் வண்டி வந்துவிட்டது.

தாரணி