அட்டை எண்ணோடு கையெழுத்திட்டவர்கள்

திங்கள், மார்ச் 9

மழை, இடையிடையே வெயில். வியாழன் பதினொரு மணிக்கு முதுகலை ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வு. செய்ய வேண்டியவை: திரையில் காட்டும் படங்களைப் பத்தாகக் குறைக்க. சப்பாத்து துடைக்க. குரல்.

குரல்தான் பெரிய வேலை. மூன்றாவது வரிசைக்கு மேல் போவதில்லை.

பேராசிரியை இன்று ஒத்திகை கேட்டார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் நின்ற பெண்கள், போர் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்டது. பிறகு புறநகர் வீடுகள், குளிர்சாதனப்பெட்டி விளம்பரங்கள், அதன் முன் சிரிக்கும் மனைவிகள். முடித்ததும் கேட்டார்: "மற்றவர்கள் சொன்னதையெல்லாம் சொன்னீர்கள். நீங்கள் கண்டதை ஏன் அடிக்குறிப்பில் ஒளித்திருக்கிறீர்கள்?"

கண்டது இதுதான். ஒரு தொழிற்சாலையின் பழைய செய்தித்தாளுக்கு, வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட பெண்கள் எழுதிய கடிதங்கள். பிள்ளை, தோட்டம், புது அடுப்பு. சந்தோஷமாகத்தான் எழுதுகிறார்கள். ஆனால் சிலர் பெயருக்குக் கீழே தங்கள் பழைய வேலை அட்டை எண்ணையும் போடுகிறார்கள். வேலை போய் வருடங்கள் கழிந்த பிறகும். நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இது இல்லை.

ஏன் ஒளித்தேன்? ஒன்பது வயதிலிருந்து அம்மா அப்பாவோடு ஒவ்வொரு டெர்மினுக்கும், முன்பதிவு செய்த ஒவ்வொரு சந்திப்புக்கும், ஜெர்மனில் மொழிபெயர்க்கப் போனவள் நான். வைத்தியர், வதிவிட அலுவலகம், வங்கி. "அம்மா சொல்கிறார்", "அப்பா கேட்கிறார்". நான் என்ன நினைக்கிறேன் என்று அந்த மேசைகளில் யாரும் கேட்டதில்லை. ஆய்வேட்டையும் அப்படியே எழுதிவிட்டேன்.

செவ்வாய், மார்ச் 10

குளிர். எசன் நகரிலிருந்து அம்மா, போனில்.

"வியாழக்கிழமை நாங்களும் வாறம். ஷிப்ட் மாத்தியாச்சு."

"வேண்டாம் அம்மா. முழுக்க ஆங்கிலம். உங்களுக்கு விளங்காது."

"உன்ர பள்ளிக்கூடக் கூட்டங்களுக்கு நாங்கள் விளங்கியோ வந்தனாங்கள்?"

மொழி அல்ல காரணம். அவர்கள் முன்னால் நான் ஒருவரையும் மறுத்துப் பேசியதில்லை. அம்மா ஆஸ்பத்திரிச் சமையலறையில் நாள் முழுக்க நிற்கிறவர். அந்த ஷிப்டை எனக்காக மாற்றியிருக்கிறார். வரட்டும்.

புதன், மார்ச் 11

பக்கத்து அறை கவிதா, மதுரைக்காரி, கட்டிலில் உட்கார்ந்து ஒத்திகையைக் கேட்டாள். "சூப்பரா இருக்கு. ஆனா ஏன் சாரி கேக்குற மாதிரியே பேசற?" மறுபடி சொன்னேன். மறுபடி. அடிக்குறிப்பை ஐந்தாம் படத்துக்கு ஏற்றினேன். மத்தியானம் சாப்பிடவில்லை.

வியாழன், மார்ச் 12

வெயில். அறை எண் 3, பின்வரிசையில் அம்மா, அப்பா. சேலைக்கு மேல் குளிர்க் கோட்டு. நான் படங்களைத் திறப்பதற்குள் அம்மா எழுந்து போய்ப் தேர்வாளர்களின் மேசையில் பெரிய டப்பாவை வைத்துவிட்டார். சூடான றோல்ஸ், இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுருட்டிப் பொரித்தது. அறை முழுக்க வாசனை. பேராசிரியை சிரித்து, அதைத் தள்ளி ஜன்னலில் வைத்தார். "தேர்வுக்குப் புள்ளி போட்ட பிறகுதான் தொடலாம்." இதை மட்டும் ஜெர்மனில் சொன்னார். அம்மா தலையாட்டி உட்கார்ந்தார்.

பேசினேன். ஐந்தாம் படம் வந்தது. குரல் நடுங்கவில்லை.

இரண்டாவது தேர்வாளர், வயதானவர், கண்ணாடியைக் கழற்றினார். "அது வெறும் பழக்கம். வருடக்கணக்காக எழுதிய எண்ணைக் கை தானாக எழுதும். அதன்மேல் இவ்வளவு பெரிய கட்டடமா?"

இருக்கலாம் என்று சொல்ல வாய் தயாராக இருந்தது. அதுதான் என் பழக்கம்.

"இல்லை" என்றேன்.

பிறகு பேச்சை நிறுத்த முடியவில்லை. ஓய்வு பெற்ற ஆண்களும் அதே செய்தித்தாளுக்கு எழுதினார்கள். அந்தப் பெண்களைவிடப் பல மடங்கு காலம் அந்த எண்ணை எழுதியவர்கள். பழக்கம் என்றால் அவர்களுக்குத்தான் முதலில் வர வேண்டும். என் கையிலுள்ள கடிதங்களில் ஒரு ஆணும் எண் போடவில்லை. அவர்கள் வேலை செய்ததை ஒருவரும் சந்தேகிக்கவில்லை, போடத் தேவையில்லை. இந்தப் பெண்கள் வேலையைத் திருப்பிக் கேட்கவில்லை. நாங்கள் அங்கே நின்றோம் என்கிறார்கள்.

அவர் ஏதோ குறித்துக்கொண்டார். "சரி, இதைக் கட்டுரையாக எழுதுங்கள்" என்றார்.

புள்ளி 1,3. ஜெர்மன் கணக்கில் ஒன்றுதான் உச்சம். மிக நன்று.

வெளியே அப்பா, குரலைத் தாழ்த்தி: "அந்த மனிசனுக்கு நீ இல்லை எண்டு சொன்னனி என்ன? அது மட்டும் விளங்கினது. பெரிய ஆளுக்கு முகத்துக்கு நேர அப்பிடிச் சொல்லலாமோ?"

அம்மா: "அவர் கேட்டவர், அவள் சொன்னவள். நீங்கள் பேசாமல் றோல்ஸைக் குடுங்கோ."

பெரிய ஆள் மூன்று சாப்பிட்டார்.

பின்னேரம், அம்மா அப்பாவோடு எசன் ரயில். அப்பா போனில், தன் கூட்டாளி குகன் மாமாவோடு, பெட்டி முழுக்கக் கேட்க: "ஓம் குகன், பாஸ். நல்ல பாஸ். அமெரிக்காவைப் பற்றி. இல்லை இல்லை, அங்க போகேல்லை. இஞ்ச இருந்துதான்." பிறகு போனைக் காதிலிருந்து எடுத்தார். என்னைப் பார்த்தார். "உது படிச்சதில என்னத்தைக் கண்டவள் எண்டு கேக்கிறான்."

கோல்ன் பாலத்தில் ரயில் மெதுவானது. கையை நீட்டி போனை வாங்கினேன்.

"மாமா, நான் கதைக்கிறன். உங்களுக்கு நேரம் இருக்கோ?"

டூயிஸ்பூர்க் வரை, அரை மணிக்கும் மேல், நான்தான் கதைத்தேன். அவர்தான் முதலில், "சரி பிள்ளை, வைக்கிறன்" என்றார்.